முதல் கோப்பையில் துரு

அந்தத் தேயிலைத் தொழிற்சாலையில் அவருக்கு நாக்கு என்று பெயர். முகத்துக்கு நேரே சார் என்பார்கள், முதுகுக்குப் பின்னால் நாக்கு. "நாக்கு வந்தாச்சா?" "நாக்கு இன்னைக்கு சிடுசிடுன்னு இருக்கு" என்று மொத்த ஆளையும் ஒரே உறுப்பாகச் சுருக்கி வைத்திருந்தார்கள். அது அவருக்கும் தெரியும். உள்ளூரப் பெருமைதான். கை கால் உள்ளவர்கள் ஊரெல்லாம் இருக்கிறார்கள், நாக்கு உள்ளவர் தான் ஒருவர்தான் என்று அவர் மனதார நம்பினார்.

சுவை பார்க்கும் அறையில் ஜன்னலை ஒட்டி ஒரு நீள மேசை. அதன்மேல் வரிசையாக வெள்ளைக் கோப்பைகள், ஒவ்வொன்றுக்கும் பின்னால் அதற்குரிய தூள் டப்பா. உதவிக்கு இருந்த பெண் தூளை நிறுத்துப் போட்டு, கொதிநீர் ஊற்றி, மூடி, சாறு இறங்கியதும் வடித்து வைப்பாள். அவர் ஒரு முனையிலிருந்து தொடங்குவார். ஒரு கரண்டி எடுத்து, அறையே கேட்க 'சர்ர்' என்று உறிஞ்சி, வாய்க்குள் உருட்டி, சக்கரம் வைத்த தொட்டியில் துப்புவார். பிறகு ஒரே ஒரு சொல். கருகல். பச்சை வாடை. தேவலாம். அந்தச் சொல்லுக்குத்தான் ராத்திரி முழுக்க ஒரு கூட்டமே வியர்வை சிந்தியிருக்கும்.

வீட்டிலும் இதே கதைதான். மனைவி சமைத்த எதையும் அவர் முதலில் உறிஞ்சுவார், உருட்டுவார், எழுந்துபோய்த் தொட்டியில் துப்பிவிட்டு வந்து தீர்ப்புச் சொல்வார். கல்யாணமான புதிதில் விருந்தாளிகள் முன்னாலும் துப்பினார். அன்று அவள் அடுப்படியில் நின்று அழுதாள். பிறகு அழுவதை விட்டுவிட்டாள். பழகிப் போயிற்று என்று அவர் நினைத்துக்கொண்டார். வெறுத்துப் போயிற்று என்பதுதான் சரி.

அந்த வீட்டில் வெங்காயம் கிடையாது, வாசனை சோப்பு கிடையாது, பவுடர் கிடையாது. பற்பசை அறவே கிடையாது.

"பேஸ்ட் போட்டா நாக்கு செத்துடும். பிரஷ்ஷும் வேணாம். வெந்நீர்ல கொப்பளிச்சா போதும்" என்பார். மணமில்லாத பசை இருக்கிறது, மற்ற தொழிற்சாலைகளில் சுவை பார்ப்பவர்கள் அதில்தான் பல் தேய்க்கிறார்கள் என்று யாரோ சொன்னபோது, "அதான் அவங்க டீ அந்த லட்சணத்துல இருக்கு" என்று வாயை அடைத்துவிட்டார். ஆக, வருஷக் கணக்காக அந்த வாய்க்குள் வெந்நீரும் ஒரு விரலும் தவிர வேறெதுவும் போனதில்லை. ஈறுகள் வீங்கி, பல்லின் அடியைவிட்டு விலகி, தொட்டால் கசிந்தன. காலையில் தலையணை உறையில் பழுப்பாக ஒரு கறை இருக்கும். அவள் சுவரைப் பார்த்துத் திரும்பிப் படுப்பாள். உலகத்துத் தேயிலையிலெல்லாம் குற்றம் கண்ட மூக்குக்குத் தன் வாய் நாற்றம் மட்டும் எட்டவில்லை. தன் முதுகு தனக்குத் தெரியாது என்பார்கள். சிலருக்குத் தன் வாய் அதைவிடத் தூரம்.

"ஈறுல ரத்தம் வருதுங்க. ஒரு தடவை பல் டாக்டரைப் பாத்துட்டு வாங்களேன்" என்று அவள் சொல்லிப் பார்த்தாள்.

"கண்ட மருந்தையும் தடவி நாக்கைக் கெடுத்துடுவான். அப்புறம் நீயா சம்பாதிச்சுப் போடுவே?"

அவளுக்கு இந்த உலகத்தில் ஒட்டு என்று இருந்தது ஒரே ஒரு தம்பி. அம்மா போனபோது அவன் கைக்குழந்தை. அவள் இடுப்பில் வளர்ந்தவன். பெரியவனானதும் அவள்தான் கணவனிடம் கெஞ்சிக் கூத்தாடி அதே தொழிற்சாலையில் சேர்த்துவிட்டாள். ராத்திரி வேலை. ஈர இலையைச் சூடான காற்றில் காயவைக்கும் டிரையர் அவன் பொறுப்பு. சூடு கூடினால் கருகும், குறைந்தால் பூஞ்சணம் பிடிக்கும். அவன் அந்த இயந்திரத்தைக் குழந்தை மாதிரி துடைத்து வைத்திருந்தான். அவன் உலர்த்திய தூள்தான் மறுநாள் காலை மேசையில் முதல் வரிசையில் இருக்கும். பகல் ஆட்கள் உலர்த்தியது அதற்குப் பின்னால்.

ஒரு காலையில் அவர் முதல் கோப்பையை உறிஞ்சினார், உருட்டினார், துப்பினார். முகம் கோணியது.

"துரு" என்றார்.

இரண்டாவது கோப்பையிலும் துரு. மூன்றாவதில் கொஞ்சம். மேசையின் கடைசியில் இருந்த பகல் தூளில் இல்லவே இல்லை. "டிரையர்ல ஏதோ துருப்பிடிச்சிருக்கு. ராத்திரி எவனோ கவனிக்கல" என்றார். எவன் என்று அவருக்குத் தெரியாதா என்ன.

டிரையரைப் பிரித்தார்கள். தட்டு தட்டாகக் கழற்றித் தேய்த்தார்கள். மருந்துக்குக்கூடத் துரு இல்லை. மறுநாள் காலையும் அவர் "துரு" என்றார். அடுத்த வாரமும் அதே. முதலாளி தலையைச் சொறிந்தார். அவருக்கு டீயும் பாயசமும் ஒன்றுதான், நாக்கு சொன்னதுதான் வேதம். இயந்திரம் சுத்தமாக இருந்தால் பிறகு ஆளிடம்தானே கோளாறு.

ஒரு நாள் வேலை முடிந்து கிளம்பிய தம்பியைச் சுவை பார்க்கும் அறைக்கு வரச்சொன்னார்கள். முதலாளி, மேலாளர், உதவிப் பெண், வேடிக்கை பார்க்க வந்தவர்கள் எல்லாரும் நின்றார்கள். நாக்கு, முதல் வரிசைக் கோப்பைகளை அவன் பக்கம் தள்ளினார்.

"குடி. எல்லாத்தையும் குடி. துப்பக் கூடாது. துரு தெரியுதா இல்லையா, நீயே சொல்லு."

அவன் குடித்தான். ஒன்றன்பின் ஒன்றாக, ஆறியதையும் சேர்த்துக் குடித்தான். கடைசிக் கோப்பையை வைத்தபோது கண் கலங்கியிருந்தது.

"எனக்குத் தெரியல அத்தான்."

"இங்க என்னடா அத்தான்? சார்னு சொல்லு. உனக்கு வாயில இருக்கறது நாக்கா, செருப்பா?"

எல்லாரும் சிரித்தார்கள். முதலாளி சிரித்ததால் சிரித்தார்கள். அன்றைக்கே அவனை வேலையிலிருந்து நிறுத்தினார்கள். டீயைத் துருவாக்கியவன் என்ற பேர் அவனுக்கு முன்னால் ஓடிப்போய் மற்ற தொழிற்சாலைகளின் கதவைச் சாத்தியது. கடைசியில் ஒரு கிடங்கில் மூட்டை தூக்கப் போனான்.

அவள் கணவன் காலைப் பிடித்தாள். நிஜமாகவே பிடித்தாள், தரையில் உட்கார்ந்து.

"அவன் வாழ்க்கை போயிடுங்க. நீங்க ஒரு வார்த்தை சொன்னா முதலாளி கேப்பாரு."

"நாக்குல நரம்பில்லாம பேசறவன் நான் இல்ல. இருந்துச்சு, சொன்னேன்" என்று காலை உருவிக்கொண்டார்.

துரு வீட்டுக்கும் வந்தது. காலை டீயை உறிஞ்சிவிட்டு, "பாத்திரத்தை மாத்து" என்றார். மாற்றினாள். கெட்டிலை மாற்றினாள். தண்ணீர் வடிகட்டியை மாற்றினாள். அதே தூளில், அதே பாத்திரத்தில், சாயங்காலம் போட்டுக் கொடுத்த டீயில் மட்டும் துரு இல்லை. காலையில் இருக்கும் துரு சாயங்காலம் எங்கே போகிறது? அவளுக்குள் ஏதோ உறுத்தியது. என்னவென்று பிடிபடவில்லை.

அதோடு சர்க்கரை வேறு. சில வருஷமாக அவருக்குச் சர்க்கரை வியாதி. மாத்திரையைக் கூட்டினார்கள், இறங்கவில்லை. இன்னும் கூட்டினார்கள், சண்டிமாடு மாதிரி நின்ற இடத்திலேயே நின்றது. பழி யார் தலையில் விழும் என்று சொல்ல வேண்டியதில்லை.

"என்னைக் கொல்லறதுக்குச் சாப்பாட்டுல சர்க்கரை கலக்கறே. தம்பிக்காகப் பழி வாங்கறே" என்று சர்க்கரை டப்பாவை அலமாரியில் வைத்துப் பூட்டிச் சாவியை இடுப்பில் செருகிக்கொண்டார். உலகத்தையே சுவையால் பிரிக்கத் தெரிந்தவருக்குத் தன் சாப்பாட்டில் சர்க்கரை இல்லை என்பது தெரியாதா? தெரியும். பூட்டியது அவளை அவமானப்படுத்தத்தான்.

பிறகு சாயங்காலம் தோறும் காய்ச்சல் வந்தது. ஆள் இளைத்தார். மாடிப்படி ஏறினால் மூச்சு வாங்கியது. ஒரு நாள் சுவை பார்க்கும் அறையிலேயே, கரண்டியும் கையுமாகச் சரிந்தார்.

ஆஸ்பத்திரியில் ஒரு பெண் டாக்டர் மார்பில் குழல் வைத்து நெடுநேரம் கேட்டார். பிறகு, "வாயைத் திறங்க" என்றார். நாக்கு திறந்தது. டாக்டர் ஓரடி பின்னால் நகர்ந்தார். அந்த அறையில் இருந்த எல்லாரும் நகர்ந்தார்கள், அவள் மட்டும் நகரவில்லை. அவளுக்கு அது வருஷக் கணக்குப் பழக்கம்.

"மூச்சு வாங்கறதுக்கு வாயை எதுக்குப் பாக்கறீங்க?" என்றார் நாக்கு.

"வாய் தனி வீடு, உடம்பு தனி வீடுன்னு நெனச்சீங்களா?" டாக்டர் கையுறையைக் கழற்றினார். "உங்க ஈறு பூரா சீழ். அங்கேருந்து கிருமி ரத்தத்துல கலந்து இதய வால்வுல போய் உக்காந்திருக்கு. வால்வுல முன்னாடியே சின்னக் குறை இருந்திருக்கு, அது வசதியாப் போச்சு. சர்க்கரை இறங்காததுக்கும் இந்த ஈறு ஒரு காரணம். ஈறு கெட்டா சர்க்கரை ஏறும், சர்க்கரை ஏறுனா ஈறு இன்னும் கெடும். ரெண்டும் ஒண்ணுக்கொண்ணு தூக்கிவிட்டுக்கும்."

வாரக் கணக்கில் ஊசி வழியாக மருந்து ஏற்றினார்கள். காய்ச்சல் அடங்கியதும் பல் டாக்டர் வந்து ஈறைச் சுரண்டிச் சுத்தம் செய்தார். காப்பாற்ற முடியாத கடைவாய்ப் பற்களைப் பிடுங்கினார். வெளியே வந்து கை கழுவிக்கொண்டே அவளிடம் சாதாரணமாகச் சொன்னார்:

"பாவம், இவருக்கு எதைச் சாப்பிட்டாலும் இரும்பு மாதிரிதான் இருந்திருக்கும். ராத்திரி பூரா ரத்தம் கசிஞ்சு வாயிலயே ஊறி நிக்குமில்ல? காலையில எந்திரிச்சதும் ரொம்பத் தெரியும். நாலு தடவை கொப்பளிச்சா குறையும்."

அவள் ஒவ்வொன்றாக அடுக்கிப் பார்த்தாள். காலை. முதல் வரிசை. முதல் கோப்பை. நாலு தடவை உறிஞ்சித் துப்பிய பிறகு மறைந்துபோகும் துரு. ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்றாளாம். இங்கே கூடத்தைக் குறை சொன்னதோடு நிற்கவில்லை, கூடம் பெருக்கியவனையும் துரத்திவிட்டார்கள்.

வீட்டுக்கு அனுப்பும்போது பெண் டாக்டர் அவளைத் தனியாக அழைத்தார். "இனிமே இவர் வாய் உங்க பொறுப்பு. காலையில ராத்திரி ரெண்டு வேளையும் மெத்துன்னு இருக்கற பிரஷ்ல தேய்க்கணும். ஈறு சிவந்தா, ரத்தம் கசிஞ்சா அன்னைக்கே கூட்டிட்டு வாங்க. இன்னொரு தடவை இதே மாதிரி வந்தா அந்த வால்வு தாங்காது. புரியுதாம்மா?"

"புரியுதுங்க."

அவள் செய்தாள். அதை மறைப்பதற்கில்லை. அவர் கை நடுங்கியதால் அவளே தேய்த்துவிட்டாள், மணமில்லாத பசையில், குழந்தைக்குத் தேய்ப்பது போல. தம்பிக்கும் இப்படித்தான் ஒரு காலத்தில் தேய்த்துவிட்டாள். ஈறு இறுகியது. தலையணை உறை வெள்ளையாயிற்று. சர்க்கரை, இத்தனை வருஷம் அசையாத சர்க்கரை, இறங்கியது. காலை டீயை உறிஞ்சிவிட்டு அவர் ஒன்றும் சொல்லவில்லை. துப்பவும் இல்லை.

"துரு இருக்கா?" என்று கேட்டாள்.

"இல்ல."

"அப்ப இத்தனை நாளும் உங்க வாயில இருந்த ரத்தம்தாங்க அது. பல் டாக்டரே சொன்னாரு. முதலாளிகிட்ட அதை மட்டும் சொல்லுங்க. தம்பியைத் திரும்ப எடுத்துக்குவாரு."

அவர் கோப்பையை மெதுவாக வைத்தார். "இங்க பாரு. வாயில ரத்தம் இருந்தது வேற. டீயில துரு இருந்தது வேற. ரெண்டையும் பிரிச்சுச் சொல்லத்தான் எனக்குச் சம்பளம்."

வேலைக்குத் திரும்பிய முதல் காலையில் தொழிற்சாலையே கூடி நின்றதாம். முதல் கோப்பையை உறிஞ்சிவிட்டு, "சுத்தம்" என்றாராம். எல்லாரும் கைதட்டினார்களாம். தம்பி இருந்த இடத்தில் இப்போது முதலாளியின் மருமகன் இருந்தான். ஒரே பெண்ணைக் கட்டியவன். நாளைக்குத் தொழிற்சாலையை ஆளப்போகிறவன் என்று அடிமட்டத்திலிருந்து வேலை பழக வைத்திருந்தார்கள். "கை மாறுனதும் துரு போயிடுச்சு பாத்தீங்களா? அவன் கையோட ராசி அப்படி" என்று நாக்கு சொல்ல, முதலாளி பூரித்துப் போனாராம். இதையெல்லாம் அவரே வந்து மனைவியிடம் வாய் நிறையச் சொன்னார்.

அந்த வார விடுமுறையில் தம்பி வந்தான். மூட்டை தூக்கித் தூக்கி ஒரு தோள் இறங்கியிருந்தது. கைதட்டிய கதை கிடங்கு வரைக்கும் போய்ச் சேர்ந்திருந்தது. வாசற்படியிலேயே உட்கார்ந்துகொண்டான். அவள் கொடுத்த டீயைக் குடிக்காமல், தன் உள்ளங்கையை மூக்கருகே வைத்து முகர்ந்தான்.

"என்னடா பண்றே?"

"ஒண்ணுமில்லக்கா." மறுபடி முகர்ந்தான். "ஒருவேளை என் கையிலதான் ஏதாவது இருந்திருக்குமோ? சில பேர் வேர்வையில இரும்பு நாத்தம் வருமாமே. நான் போனதும் சரியாயிடுச்சே. அத்தான் பொய் சொல்ல மாட்டாரில்ல."

அவள் உண்மையைச் சொன்னாள். ஒன்றுவிடாமல் சொன்னாள். அவன் தலையாட்டிக் கேட்டுவிட்டு, "நீ எனக்காகச் சொல்றே" என்றான். போகும்போது டீக் கோப்பையை அவன் கையால் கழுவவில்லை. "நீயே கழுவிடுக்கா, என் கை படவேணாம்" என்று வைத்துவிட்டுப் போனான். வேலை போனதை அவள் பொறுத்திருந்தாள். பிள்ளையைப் போல வளர்த்தவனைத் தன் கையைக் கண்டே கூச வைத்ததை அவளால் பொறுக்க முடியவில்லை. அந்த இடத்தில் அவளுக்குள் ஏதோ அறுந்தது.

அதற்குள் நாக்குக்குப் பழைய தெம்பு வந்துவிட்டது. ஒரு காலையில் அவள் பிரஷ்ஷை எடுத்து வந்தபோது கையைத் தட்டிவிட்டார். பிரஷ் தொட்டிக்கு அடியில் போய் விழுந்தது.

"போதும். ஈறு ஆறியாச்சு. இதைப் போட்டுத் தேச்சு நாக்கு மரத்துப்போச்சு. இனிமே வெந்நீர்தான்."

முன்பென்றால் கெஞ்சியிருப்பாள். இப்போது குனிந்து பிரஷ்ஷை எடுத்து, குப்பைக்கூடையில் போட்டாள்.

"உங்க இஷ்டம்" என்றாள்.

அதன் பிறகு அவள் அவர் வாயைப் பற்றிப் பேசவில்லை. மறு பரிசோதனைக்கு வரச்சொன்ன நாளை நினைவுபடுத்தவில்லை. அவர் துப்பினால் தொட்டியைக் கழுவினாள், உறிஞ்சினால் கேட்டுக்கொண்டிருந்தாள். ஊரில் அவளைப் பார்த்தவர்கள், கணவன் பிழைத்ததில் எவ்வளவு அமைதியாகிவிட்டாள் என்று பேசிக்கொண்டார்கள். மாதங்கள் போயின. தலையணை உறையில் மறுபடி ஒரு பழுப்புப் புள்ளி வந்தது. அவள் அதைத் துவைத்துக் காயப்போட்டாள்.

ஒரு காலையில் அவர் டீயை உறிஞ்சினார். உருட்டினார். எழுந்துபோய்த் துப்பினார்.

"துரு" என்றார்.

அவள் தொட்டியைக் கழுவினாள்.

"நேத்து ஃபேக்டரியிலயும் இருந்துச்சு. முதல் வரிசையில. அந்த மருமகப்பய ஒழுங்கா வேலை பாக்கறதில்ல போல." நாற்காலியில் உட்கார்ந்தார். வாழ்க்கையில் முதன்முதலாக அந்த முகத்தில் ஒரு சந்தேகம் வந்தது. விரலால் ஈறைத் தடவினார். குரல் தாழ்ந்தது. "ஏம்மா, கொஞ்சம் பாரேன். அந்த டாக்டர் சொன்ன மாதிரி ஏதாவது இருக்கா?"

ஏம்மா என்று அவர் அவளை அழைத்ததில்லை. ஜன்னல் வெளிச்சத்தைப் பார்த்துத் தலையைச் சாய்த்து, வாயை அகலத் திறந்தார். கண்ணை மூடிக்கொண்டார்.

அவள் குனிந்து பார்த்தாள். மேல் ஈறு கருஞ்சிவப்பாக உப்பியிருந்தது. முன்பல் இரண்டுக்கும் நடுவில் ரத்தம் முத்தாகத் திரண்டு நின்றது. பழைய நாற்றம் பழையபடியே வந்து முகத்தில் அடித்தது. அன்னைக்கே கூட்டிட்டு வாங்க என்று டாக்டர் சொன்னது காதில் கேட்டது. வாசற்படியில் உட்கார்ந்து உள்ளங்கையை முகர்ந்தவனும் கண்ணில் வந்தான்.

"ஒண்ணுமில்லைங்க. பளிச்சுன்னு இருக்கு" என்றாள்.

"நெஜமாவா? நல்லாப் பாத்தியா?"

"பாத்தாச்சு. உங்க நாக்கு எப்பவாவது தப்பா சொல்லியிருக்கா? டீயிலதான் துரு. அந்தப் பையன் சரியில்ல. முதலாளிகிட்ட நேரா போய்ச் சொல்லுங்க. எல்லார் முன்னாடியும் கூப்பிட்டு, அவனையே குடிக்க வைங்க."

அவர் வாயை மூடினார். முகம் தெளிந்தது. "அதான் சரி. மருமகனா இருந்தா எனக்கென்ன" என்று எழுந்து சட்டையைப் போட்டுக்கொண்டார். படியிறங்கும்போது நடுவில் நின்று கைப்பிடியைப் பிடித்து மூச்சு வாங்கினார். அவள் வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தாள். கூப்பிடவில்லை.

அவர் தெருமுனை திரும்பியதும் உள்ளே வந்து, மீதியிருந்த டீயைத் தனக்கு ஊற்றிக்கொண்டு உட்கார்ந்து குடித்தாள். நல்ல டீ.